புது மண்டபத்தின் தையல் எந்திரங்கள்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புது மண்டபம் திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) கட்டியது. நான்கு வரிசைகளில் 124 தூண்கள். நடுப்பாதையின் இருபுறத் தூண்களிலும் நாயக்க அரசர்கள் பத்துப் பேர் தம் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார்கள். கல் யானைக்குக் கரும்பு கொடுத்த திருவிளையாடலும், கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணனும், மீனாட்சி கல்யாணமும் இங்கே கல்லில் இருக்கின்றன. பல தலைமுறைகளாக இந்தத் தூண்களுக்கு நடுவே பாத்திரக் கடை, வளையல் கடை, பாடப்புத்தகக் கடை, தையல் கடை என்று ஏறத்தாழ 300 கடைகள் இயங்கிவந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அவை அருகிலேயே மறுகட்டுமானம் செய்யப்பட்ட குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்தில் சீரமைப்புப் பணி தொடங்கியது. ஆக்கிரமிப்பிலிருந்து ஒரு கலைப்பொக்கிஷம் மீட்கப்பட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. ஒரு நகரத்தின் நினைவுச்சின்னத்தில் எது மூலப்பொருள், எது ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரிகிறதா என்பதே இந்த இடமாற்றம் எழுப்பும் கேள்வி. கல்லைப் போலவே புழக்கமும் கட்டடத்தின் ஒரு பாகம் என்றும், அதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளவேண்டுமே தவிர அகற்றிவிடக் கூடாது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

புது மண்டபம் பார்வைக்காகக் கட்டப்பட்டதன்று. வைகாசியில் வசந்த உற்சவத்தின்போது மீனாட்சியும் சொக்கநாதரும் கோயிலை விட்டு வெளியே வந்து தங்கி இளைப்பாற எழுந்த வசந்த மண்டபம் அது. நடுவே கரிய கல்லாலான மேடை, சுற்றிலும் வெக்கை தணிய நீர் தேக்கும் அமைப்பு, காற்றோட்டத்துக்குத் திறந்த பக்கங்கள் எல்லாமே கூட்டம் கூடப்போகிறது என்ற கணிப்பில் செய்யப்பட்டவை. ஆண்டில் பத்து நாள் திருவிழாவுக்காக இவ்வளவு பெரிய நிழலைக் கட்டினால் மீதி நாட்களில் அந்த நிழலில் யாராவது வந்து உட்காரத்தான் செய்வார்கள். கோயிலுக்கு வருபவர்களுக்கு வேண்டியதை விற்கிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். குங்குமம், வளையல், பித்தளைக் குத்துவிளக்கு, பிள்ளைகளுக்கு மரப்பொம்மை, கல்யாணச் சீர்ப் பாத்திரம், ஜூன் மாதத்தில் பள்ளிப் புத்தகம் என்று ஒரு தென்மாவட்டக் குடும்பத்தின் ஆண்டுச் செலவுகளில் பாதி இந்த மண்டபத்துக்குள் நடந்து முடியும்.

எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியவர்கள் தையல்காரர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது ஆயிரக்கணக்கான அடியார்கள் வேடம் பூண்டு வருகிறார்கள். திரி எடுத்து ஆடுகிறவர்கள், சாட்டை வீசி ஆடுகிறவர்கள், தோல்பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுகிறவர்கள் என்று அவர்களில் வகைகள் உண்டு. தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இவ்வகைகளை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். அந்தச் சல்லடமும் குல்லாயும் சரிகை வைத்த மேற்சட்டையும் தைத்துக் கொடுத்தவர்கள் புது மண்டபத்துத் தையல்காரர்கள். அவர்களில் இஸ்லாமியர் பலர். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரைக்குத் திருப்பி, சைவ விழாவையும் வைணவ விழாவையும் ஒன்றாக்கியவர் திருமலை நாயக்கர் என்பது மதுரை மரபு. அவர் இணைத்த விழாவுக்கான உடுப்பு, அவருடைய கற்சிலைக்குச் சில அடி தள்ளித் தைக்கப்பட்டது. இதை எந்த அருங்காட்சியகமும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது. கட்டடம், அதைக் கட்டியவர், அவர் ஏற்படுத்திய விழா, விழாவுக்கு உழைக்கும் கைகள் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சிலையை மட்டும் வைத்துக்கொண்டு மீதி மூன்றையும் துண்டித்தால் கையில் எஞ்சுவது கலை வரலாற்றுப் பாடநூலுக்கான ஒரு படம்.

நினைவுச்சின்னம் என்றால் காலியாக, அமைதியாக, வேலியிட்டு, பலகை நட்டு இருக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிது. வைஸ்ராய் கர்சன் காலத்தில் வந்த 1904-ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டமும், தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் ஜான் மார்ஷல் 1923-இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடும் அந்த எண்ணத்துக்கு நிர்வாக வடிவம் கொடுத்தன. கைவிடப்பட்ட இடிபாடுதான் அவற்றின் முன்மாதிரி. இடிபாட்டைப் பொறுத்தவரை அந்த நெறி சரியானது, இன்றும் மதிக்கத்தக்கது. இருக்கும் கல்லை இருக்கும் நிலையில் காப்பாற்று, கற்பனையாக எதையும் சேர்க்காதே என்று அது சொன்னது. ஆனால் புழக்கத்தில் உள்ள கட்டடங்களின் நிலை வேறு என்பது மார்ஷலுக்கே தெரிந்திருந்தது. தொல்லியல் நோக்கில் மட்டும் பார்த்தால் ஒப்புக்கொள்ளமுடியாத அளவுக்கும் அவற்றில் புதுப்பித்தல் தேவைப்படலாம் என்று அவர் கையேட்டிலேயே இடம் விட்டிருக்கிறார். 2004-இல் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட சாசனம் இன்னும் ஒரு படி போய், மரபுக் கட்டுமானக் கலைஞர்களின் அறிவையும் தொடர்ந்த புழக்கத்தையும் பாதுகாப்பின் அங்கமாகவே ஏற்றது. ஆக, கோட்பாட்டில் கதவு திறந்துதான் இருக்கிறது. நடைமுறையில் நாம் இடிபாட்டுக்கு எழுதிய விதியைக் கடைத்தெருவுக்குப் பொருத்திப் பார்க்கிறோம்.

மதுரையிலேயே இதற்கு ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. புது மண்டபத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள திருமலை நாயக்கர் மகால் 1636-இல் கட்டி முடிக்கப்பட்டது. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது மகாலின் பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்று சொல்லப்படுகிறது. இன்று நிற்பது மூலக் கட்டடத்தின் நான்கில் ஒரு பங்கு அளவே. அந்தப் பங்காவது நின்றதற்கு, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செய்த சீரமைப்பு ஒரு காரணம். பிறகு 1970 வரை அங்கே நீதிமன்றங்கள் இயங்கியது இன்னொரு காரணம். வேலை இருந்த கட்டடத்துக்குக் கூரையைப் பழுதுபார்க்க ஓர் அலுவலகம் பொறுப்பாக இருந்தது. வழக்காடிகளும் குமாஸ்தாக்களும் வெற்றிலைக் கறையும் நிறைந்த அந்த நூறாண்டு அழகானதென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அது கட்டடத்தைக் கொல்லவில்லை. நீதிமன்றம் போனபின் மகால் அனுமதிச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடமானது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி, அவ்வப்போது சினிமாப் படப்பிடிப்பு. இந்தக் காலத்தில்தான் அதன் பருத்த தூண்களில் ஆணியாலும் சாவியாலும் கீறிய காதலர் பெயர்கள் நிரம்பின. சாவி பிடித்த அந்தக் கை அங்கே தினமும் வருகிற ஆளுடையதன்று. மறுபடி வரப்போவதில்லை என்று தெரிந்தவருக்குத்தான் தூணில் கீற மனம் வரும். காவலுக்கு ஆள் இருக்கிறார், வேலி இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. இது என் இடம் என்று நினைக்கிறவர் மட்டும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் நிற்பது நெருப்பு. 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, நடை சாத்தும் நேரத்தையொட்டி, மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுர வாசலுக்கருகே கடைப் பகுதியில் தீப்பற்றியது. வீரவசந்தராயர் மண்டபத்தின் மேற்கூரைக் கற்கள் சரிந்தன, தூண்கள் வெடித்தன. சூடேறிய கருங்கல் பாளம் பாளமாக உதிரும், அதன்மேல் தண்ணீர் பட்டால் பிளக்கும். அப்படிப் போன சிற்பத்தை எந்தச் சிற்பியாலும் திருப்பித் தர முடியாது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன, புது மண்டபத்தை நோக்கியும் பார்வை திரும்பியது. புழக்கமும் கட்டடத்தின் பாகம் என்று பேசுகிறவர் இந்தச் சேதத்தை எதிர்கொள்ளாமல் நழுவ முடியாது. அதோடு சேர்த்து 1997 ஜூன் 7-ஆம் நாளையும் நினைக்கவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காக அமைத்த யாகசாலைப் பந்தலில் பரவிய தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த, உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுப் பத்தாண்டு ஆகியிருந்த கோயில் அது.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. தஞ்சையில் கடை இல்லை. அங்கே பற்றியது கீற்றுப் பந்தல். மதுரையில் எரிந்தது இரவில் ஆளற்றுப் பூட்டிக் கிடந்த கடைச் சரக்கு. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், எரியும் பொருள், மின்கம்பி, அடைத்த மரப்பெட்டி, இரவில் ஆளின்மை என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றையும் விதியால் கட்டுப்படுத்தலாம். தஞ்சைத் தீக்குப் பிறகு குடமுழுக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி 5-இல் அதே கோயிலில் லட்சக்கணக்கானோர் கூட, கடும் கட்டுப்பாடுகளோடு குடமுழுக்கு நடந்தது. வழிபாடு என்றால் முறைப்படுத்துகிறோம், வணிகம் என்றால் வெளியேற்றுகிறோம். இந்த வேறுபாட்டுக்கு நெருப்பு காரணமாக முடியாது. வழிபாடு உயர்ந்தது, வியாபாரம் தாழ்ந்தது என்ற மதிப்பீடு ஒன்று அடியில் இருக்கிறது. பகலில் விரித்து மாலையில் எடுத்துச்செல்லும் சரக்கு, காலால் மிதிக்கும் தையல் எந்திரம், தூணைத் தொடாத மேசை என்று விதி செய்திருந்தால் அந்த மண்டபத்தில் எரிவதற்கு என்ன இருந்திருக்கும்?

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. கடைக்காரரைச் சமூகம் என்று சொல்வது மிகை, அவர் குறைந்த வாடகைக்கு நல்ல இடம் பிடித்துக்கொண்டவர், பொதுச் சொத்தைத் தம் குடும்பச் சொத்தாக்கிக் கைமாற்றியவர் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. தூணில் ஆணி அடித்ததும், சிற்பத்தின் முகத்தை மறைத்து அலமாரி நிறுத்தியதும், யாளியின் வாயில் துணிமூட்டை தொங்கியதும் கண்கூடு. சிற்பத்தைக் காண வந்தவர் பாத்திர அடுக்குகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. அவருக்கும் உரிமை உண்டு, அது அயலூர்ச் சுற்றுலாக்காரரின் உரிமை மட்டுமன்று. தன் ஊர்ச் சிற்பத்தைப் பார்க்காமலே வளர்ந்த மதுரைப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே கடைகள் இருந்தபடியே இருந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. முறையற்ற புழக்கத்துக்கு மாற்று முறையான புழக்கம் என்பதுதான் வாதம். அதற்கான மாதிரியை வெளியே தேடவேண்டியதில்லை, இந்த ஊரே வைத்திருக்கிறது.

அழகர் மலையிலிருந்து மதுரைக்கு வரும் 20 கிலோமீட்டர் வழியில் அழகர் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று வருகிறார். ஒவ்வொரு மண்டகப்படியும் ஒரு சாதிக்கோ தொழிற்குழுவுக்கோ குடும்பத்துக்கோ ஊருக்கோ உரியது. அந்த உரிமை இலவசமன்று. மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கவேண்டும், பந்தல் போடவேண்டும், கோயிலுக்குக் கட்டணம் செலுத்தவேண்டும், வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுக்கவேண்டும். பதிலுக்குச் சாமி அங்கே நிற்பார், பரிவட்டமும் தீர்த்தமும் கிடைக்கும். எந்த நாள், எந்த நாழிகை, எவருக்கு அடுத்து எவர் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டவை. தவறினால் தகராறு வரும், நீதிமன்றம் வரைகூடப் போகும். இதில் பொது என்பது யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடமாக இல்லை. பலருக்கும் பங்கு பங்காகச் சொந்தமாகி, ஒவ்வொரு பங்கோடும் ஒரு கடமை கட்டப்பட்டிருக்கிறது. நகரின் மண்டபங்கள் பல நூற்றாண்டு இடியாமல் நின்றதற்கு அரசர்களின் கொடையைவிட இந்தக் கட்டாயம் அதிகம் உதவியிருக்கவேண்டும். வெள்ளை அடிக்காத மண்டகப்படிக்காரரை ஊரே பார்த்துவிடும். புது மண்டபத்துக் கடைக்காரருக்கு உரிமை இருந்தது, கடமை விதிக்கப்படவில்லை. வாடகை வசூலித்த நிர்வாகம் தூணுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கவில்லை. தவறு புழக்கத்தில் இல்லை, அந்த ஒப்பந்தத்தில் இருந்தது.

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி எழும். பங்கு பங்காகச் சொந்தம் என்கிறீர்களே, பங்கே இல்லாதவர்கள் எத்தனை பேர்? மரபான பொதுவெளியைப் புகழ்கிறவர்கள் அது யாரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். மதுரையில் இதை மறக்கவே முடியாது. 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை அந்தப் பிரம்மாண்டமான சமூக வெளி அவர்களுக்குச் சுவராக மட்டுமே இருந்தது. கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்களில் ஒரு பிரிவினர் பல ஆண்டுகள் பூசைக்கு வர மறுத்தார்கள். ராஜாஜி அரசு ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. வாழும் மரபு என்ற சொற்றொடர் அநீதிக்கும் போர்வையாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் 1939 எதை நிறுவியது என்று பார்க்கவேண்டும். கோயிலை எல்லோருக்கும் பொதுவாக்க ஒரு வழி, அதை அருங்காட்சியகமாக்கிச் சீட்டு வாங்கிய எவரும் வரலாம் என்பது. அப்படி எவரும் கேட்கவில்லை. உள்ளே நுழைந்தவர்கள் கேட்டது வழிபடும் உரிமையை, அதாவது புழக்கத்தில் பங்கை. கட்டடத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் பங்கு யாருக்கு என்பதைச் சட்டமும் நியாயமும் கொண்டு திருத்திக்கொண்டே போகவேண்டும். திருத்துவதற்குப் பங்கு என்று ஒன்று இருந்தாகவேண்டும். புது மண்டபத்தில் கடை போட்டவர்களும் வாங்க வந்தவர்களும் ஒரே சாதியினராகவோ ஒரே மதத்தினராகவோ இருக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கருவறை தராத சமத்துவத்தைக் கடைத்தெரு ஓரளவு தந்தது. காலி மண்டபத்தால் அதையும் தர முடியாது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 1645-இல் வெட்டப்பட்ட, பக்கத்துக்கு ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள அந்தக் குளம் பல பத்தாண்டுகள் வறண்டு கிடந்தது. தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள், சில ஆண்டுகளில் நிலைத்தெப்பம்தான். மற்ற நாட்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். யாரும் குளத்தை இடிக்கவில்லை, படிக்கட்டும் மைய மண்டபமும் பத்திரமாகவே இருந்தன. வைகையிலிருந்து நீர் கொண்டுவரும் பனையூர்க் கால்வாய் தூர்ந்துபோனதுதான் நோய். சில ஆண்டுகளுக்கு முன் கால்வாய் சீர்செய்யப்பட்டுக் குளம் நிரம்பியதும், மாலை வேளைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் சுற்றுச்சுவரை நிறைத்தார்கள். சுண்டல் வண்டி வந்தது, பேரன் பேத்தியோடு முதியவர்கள் வந்தார்கள். எந்தத் திட்ட அறிக்கையும் அவர்களை அழைக்கவில்லை. நினைவுச்சின்னத்தின் புழக்கம் அதன் எல்லைச் சுவருக்குள் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இது போதுமான சான்று. கால்வாய் குளத்துக்கு எப்படியோ, மண்டபத்துக்குத் தெருவில் நடந்துபோகும் கூட்டம் அப்படி.

குன்னத்தூர் சத்திரத்து ஏற்பாட்டின் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாடியில் உள்ள கடைக்குத் தேடி வருகிறவர் வருவார், போகிற வழியில் கண்ணில் பட்டு நிற்கிறவர் வரமாட்டார். கோயிலிலிருந்து வெளியே வந்த கால் தானாக நுழைந்த கூடம் வேறு, படியேறிப் போகவேண்டிய வணிக வளாகம் வேறு. வியாபாரிகளுக்குக் கூரை கிடைத்தது, அது சின்ன விஷயமன்று. பல நகரங்களில் சின்னங்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பழைய புழக்கத்தின் தொடர்ச்சி கிடைக்கவில்லை.

சீரமைத்த புது மண்டபத்தை இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு எளிதாக வரக்கூடிய விடை இரண்டு. வரிசையாகக் கயிறு கட்டி, விளக்கு போட்டு, சீட்டு விற்பது ஒன்று. ஆண்டுக்குப் பத்து நாள் வசந்த உற்சவத்துக்குத் திறந்து, மீதி நாள் பூட்டி வைப்பது மற்றொன்று. முதலாவது மகாலின் வழி. இரண்டாவது வௌவாலின் வழி. மூன்றாவது ஒன்று சாத்தியம். நடுப்பாதையும் நாயக்கர் சிலைகளும் வசந்த மேடையும் எப்போதும் திறந்த வெளியாக இருக்கட்டும். வெளி வரிசைத் தூண்களுக்கிடையே, மின்னிணைப்பும் பூட்டும் அலமாரியும் இல்லாமல், பகல் நேரத்துக்கு மட்டும், திருவிழா உடுப்புத் தைப்பவர்களுக்கும் கோயில் சார்ந்த கைத்தொழில் செய்பவர்களுக்கும் எண்ணி வரையறுத்த இடம் கொடுக்கலாம். சித்திரைக்கு முந்திய இரண்டு மாதம் மட்டுமாவது தையல் எந்திரங்கள் திரும்பி வரலாம். இடம் பெறுகிறவர் தம் தூணுக்குப் பொறுப்பு என்று மண்டகப்படி முறையில் எழுதி வாங்கலாம். ஓர் ஆணி அடித்தால் இடம் போகும். எவரெவருக்கு இடம் என்பதைப் பரம்பரை உரிமையாக விடாமல், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கொருமுறை வெளிப்படையாகத் தீர்மானிக்கலாம். பாதுகாப்பு வல்லுநர் ஒருவரும் தீயணைப்புத் துறையும் ஆண்டுதோறும் பார்த்துச் சான்று தரவேண்டும், தராவிட்டால் அந்த ஆண்டு மண்டபம் காலியாக இருக்கட்டும்.

இது செலவும் சச்சரவும் உள்ள ஏற்பாடு, ஐயமில்லை. பூட்டுப் போடுவது இதைவிட எளிது. ஆனால் திருமலை நாயக்கர் கூட்டத்துக்காகக் கட்டிய மண்டபத்தை நாம் கூட்டத்திடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். இந்து சமய அறநிலையத் துறையும் கோயில் நிர்வாகமும் சீரமைப்புப் பணியின் கடைசித் தூணைக் கழுவித் துடைப்பதற்குள், வெளியே அனுப்பிய தையல்காரர்களையும் புத்தகக் கடைக்காரர்களையும் ஒருமுறை அழைத்துப் பேசவேண்டும்.